நீங்க போடுற டிப் எங்க போகுது? டெலிவரி ரைடர் கூலிக் கணக்குக்குள்ள நடக்குறது

போன மாசம் ஒரு ராத்திரி, கொட்டுற மழைல சாப்பாடு கொண்டு வந்தவர்கிட்ட "அண்ணா, ஆப்ல டிப் போட்டிருக்கேன், உங்களுக்கு வந்துருச்சா?"ன்னு கேட்டேன். அவர் ஹெல்மெட்டக் கூட கழட்டல, போன சட்டைல தொடச்சுட்டு ஸ்கிரீன என் பக்கம் திருப்பிக் காட்டுனாரு. அதுல அந்த ஆர்டருக்கு நேரா ஒரே ஒரு தொகைதான் இருந்துச்சு. "இதுதாங்க வரும், இதுல எது நீங்க போட்டது எது கம்பெனி போட்டதுன்னு எனக்கே தெரியாது"ன்னாரு. அடுத்த ஆர்டர் விழுந்துருச்சு, கிளம்பிட்டாரு.

அந்த ஒத்தை நம்பர்தான் என்னைத் தூங்க விடல. ஏன்னா டெலிவரி வேலைல கூலி சம்பந்தமா நடந்த பெரிய பெரிய ஏமாத்து வேலை எல்லாமே இப்படி ரெண்டு காச ஒண்ணாக் கலந்து ஒரே தொகையாக் காட்டுற இடத்துலதான் நடந்திருக்கு. நான் சொல்ல வர்றது இதுதான்: கம்பெனி ரைடருக்கு எவ்வளவு குடுக்கணும்னு கணக்குப் போடும்போது, நீங்க போட்ட டிப் அந்தக் கணக்குக் கண்ணுலயே படக்கூடாது. பட்டுச்சுன்னா, அது டிப் இல்ல, கம்பெனிக்கு நீங்க குடுக்குற தள்ளுபடி.

முதல்ல ஒரு ரைடருக்குக் காசு எப்படி வருதுன்னு பாப்போம். ஆப் ஆப்புக்கு வித்தியாசம் இருக்கும், ஆனா எலும்புக்கூடு ஒண்ணுதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு அடிப்படைத் தொகை, தூரத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம், கூட்டமான நேரம்னா மேல கொஞ்சம், ஒரு நாளைக்கு இல்லன்னா ஒரு வாரத்துக்கு இத்தனை ஆர்டர் முடிச்சா இன்சென்டிவ், அப்புறம் கஸ்டமர் டிப். இதுல எதுலயுமே "நேரம்"ங்கிறது நேரடியா வர்றதில்லங்கிறத கவனிங்க. ஒரு ஆர்டர எடுத்துக்குவோம். போன் கிணுகிணுன்னு அடிக்குது, அக்செப்ட் பண்ணியாச்சு, கடைக்கு 8 நிமிஷம் ஓட்டம். அங்க போனா இன்னும் சமைச்சே முடியல, கவுண்டர் ஓரமா நின்னு 15 நிமிஷம் காத்திருப்பு, உக்கார எடம் இருக்காது. அங்கேருந்து கஸ்டமர் வீட்டுக்கு 12 நிமிஷம், கட்டடத்துக்குள்ள கேட்ல பேர் எழுதி மாடி ஏறி இறங்க 5 நிமிஷம். திரும்ப கடைங்க இருக்குற பக்கம் வர 10 நிமிஷம், அந்த 10 நிமிஷத்துக்கு யாரும் காசு குடுக்கமாட்டாங்க. ஆக மொத்தம் 50 நிமிஷம், ஆனா ஆப்போட கண்ணுல இது "ஒரு ஆர்டர்", அவ்வளவுதான். கடைல லேட் ஆனாலும் டிராஃபிக்ல மாட்டினாலும் அந்த நேரம் ரைடரோட கணக்குலதான் கழியுது, பெட்ரோலும் அவர் கணக்கு, டயரும் அவர் கணக்கு, போன் டேட்டாவும் அவர் கணக்கு, கீழ விழுந்து அடிபட்டா பல இடத்துல ஆஸ்பத்திரியும் அவர் கணக்குதான்.

இப்ப டிப் விஷயத்துக்கு வருவோம். "உத்தரவாதத் தொகை"ன்னு ஒரு முறை இருந்துச்சு, கேக்க நல்லாத்தான் இருக்கும். இந்த ஆர்டர எடுத்தா உனக்கு குறைஞ்சது 70 நிச்சயம்னு ரைடர்கிட்ட சொல்லிடுவாங்க (எந்த நாட்டுக் காசுன்னு வேணா வச்சுக்கோங்க, கணக்குக்காகச் சொல்றேன்). கஸ்டமர் டிப்பே போடலன்னா கம்பெனி 70 குடுக்கும். கஸ்டமர் 30 டிப் போட்டா? கம்பெனி 40 போட்டு, டிப் 30 சேத்து, 70 ஆக்கிக் குடுக்கும். ரைடருக்கு ரெண்டு நேரத்துலயும் அதே 70. கஸ்டமர் மனசார நீட்டுன 30 சுத்தமா கம்பெனியோட செலவக் குறைச்சிருக்கு, ரைடர் கைக்கு ஒரு காசு கூட கூடுதலாப் போகல. டிப் 60 தாண்டுனாதான், அதாவது கம்பெனி போடுற பங்கு அதோட குறைஞ்சபட்சமான 10க்கு எறங்கின பிறகுதான், ரைடருக்கு எதாவது மிஞ்சும். இதுல விசேஷம் என்னன்னா, "டிப் 100 சதவீதம் ரைடருக்கே போகுது"ன்னு கம்பெனி சொல்றதும் ஒரு கணக்குல உண்மைதான், டிப் 30ம் அவர்கிட்டதான் போச்சு, அவரோட கூலில 30 குறைஞ்சதுதான் யாருக்கும் தெரியல.

இது கற்பனை இல்ல. அமெரிக்காவுல டோர்டாஷ்ங்கிற சாப்பாடு டெலிவரி கம்பெனி இப்படித்தான் குடுத்துட்டு இருந்துச்சு. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசோட தலைமை வக்கீல்) விசாரிச்சு, 2017 மே மாசத்துலேருந்து 2019 செப்டம்பர் வரைக்கும் இந்த முறை நடந்துச்சுன்னு சொல்லி, 2025 பிப்ரவரில 1 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்ட வச்சாங்க. பேப்பர்ல விஷயம் வெளிய வந்து மக்கள் கொதிச்ச பிறகுதான், 2019 ஜூலைல அந்தக் கம்பெனி தலைவர் டோனி ஷூ முறைய மாத்துறோம்னு அறிவிச்சாரு. அதே வருஷத் தொடக்கத்துல இன்ஸ்டாகார்ட்ங்கிற மளிகை டெலிவரி கம்பெனில ஒரு வேலையாளோட ரசீது பரவலா சுத்துச்சு, கஸ்டமர் 10 டாலர் டிப் போட்டிருக்காரு, கம்பெனி போட்டது வெறும் 80 சென்ட். எதிர்ப்பு கிளம்புனதும் 2019 பிப்ரவரில அவங்களும் மாத்துனாங்க. அமேசானோட ஃபிளெக்ஸ் டெலிவரில கதை இன்னும் மோசம், "டிப் முழுசா உங்களுக்கே"ன்னு விளம்பரத்துல சொல்லிட்டு, 2016 கடைசிலேருந்து டிரைவர்ங்களுக்குச் சொல்லாமலே மணிக்கூலிய உள்ளுக்குள்ள குறைச்சு, அந்தப் பள்ளத்த டிப் காச வச்சு நிரப்புனதா அமெரிக்க அரசோட நுகர்வோர் பாதுகாப்பப் பாக்குற ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டுச்சு. 2021ல 6 கோடியே 17 லட்சம் டாலர் திருப்பிக் கட்ட ஒத்துக்கிட்டாங்க, 1 லட்சத்து 40 ஆயிரம் டிரைவர்களுக்கு மேல காசு திரும்பப் போச்சு. மூணு கம்பெனி, மூணு வேற வேற ஆப், தந்திரம் ஒண்ணுதான்.

இதெல்லாம் சட்டவிரோதம் இல்லையான்னு கேப்பீங்க. அங்கதான் முடிச்சு இருக்கு. அமெரிக்காவுல 2018லயே, முதலாளி எந்தக் காரணம் சொல்லியும் ஊழியரோட டிப்ப எடுத்துக்கக் கூடாதுன்னு கூலிச் சட்டத்துல சேத்தாச்சு. பிரிட்டன்லயும் டிப் முழுசா வேலை செய்றவங்களுக்கே போகணும்னு ஒரு சட்டம் 2024 அக்டோபர் 1லேருந்து அமல்ல இருக்கு. ரெண்டுமே நல்ல சட்டம். ஆனா ரெண்டுமே "ஊழியர்", "தொழிலாளர்"ங்கிற வட்டத்துக்குள்ள இருக்குறவங்களுக்குத்தான். டெலிவரி ரைடர கம்பெனிங்க "பார்ட்னர்"னு கூப்பிடுது, சுயதொழில் செய்றவர்னு காகிதத்துல எழுதுது, அந்த ஒரு வார்த்தைல குறைஞ்சபட்சக் கூலி, ஓவர்டைம், டிப் பாதுகாப்பு எல்லாமே வெளில போயிடுது. அதனாலதான் மேல சொன்ன வழக்கெல்லாம் பெரும்பாலும் "கூலி திருட்டு"ன்னு போகாம, "கஸ்டமரையும் டிரைவரையும் ஏமாத்துனாங்க"ன்னு நுகர்வோர் பக்கத்துலேருந்து போக வேண்டி இருந்துச்சு.

டிப்பக் காட்டி கூலியக் குறைக்கிற பழக்கம் ஆப் வந்த பிறகு பொறந்தது இல்ல. அமெரிக்காவுல அடிமை முறை ஒழிஞ்ச கையோட, 1860கள்லேருந்து புல்மேன் கம்பெனி ரயில் ஸ்லீப்பர் பெட்டில வேலைக்கு கறுப்பின ஆட்கள எடுத்துச்சு, சம்பளம் ரொம்பக் கம்மி, மீதிய பயணிங்க குடுக்குற டிப்புல பாத்துக்கோங்கிற மாதிரிதான் ஏற்பாடு. அவங்க 1925ல ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமைல சங்கம் கட்டி, 12 வருஷம் போராடி, 1937லதான் கம்பெனியோட ஒப்பந்தம் போட முடிஞ்சுது. அந்த மனப்பான்மை சட்டத்துக்குள்ளயே ஏறி உக்காந்துச்சு, 1966ல "டிப் வாங்குறவங்களுக்கு முதலாளி குறைச்சுக் குடுக்கலாம்"னு அமெரிக்கச் சட்டத்துலயே எடம் வந்துச்சு, இன்னைக்கும் அங்க டிப் வாங்குற ஊழியருக்கு முதலாளி கையிலேருந்து குடுக்க வேண்டிய தேசிய அளவு மணிக்கு 2.13 டாலர்தான், 1991லேருந்து அது நகரவே இல்ல. டிப் சேத்தும் பொதுக் குறைஞ்சபட்சக் கூலி வரலன்னா முதலாளி ஈடுகட்டணும்னு விதி இருக்கு, ஆனா அத யார் போய் வாரா வாரம் கணக்குப் பாக்குறது. டெலிவரி ஆப்புங்க செஞ்சது இந்தப் பழைய ஏற்பாட்டையே சாஃப்ட்வேர்ல எழுதுனதுதான், அதுவும் அந்த ஈடுகட்டுற கடமை கூட இல்லாம.

டிப்ப நம்பி ஒரு குடும்பத்த ஓட்ட முடியாதுங்கிறதுக்கு இன்னொரு காரணம், அது வேலையோட தரத்துக்கு ஏத்த மாதிரி வர்றதில்ல. அமெரிக்காவுல நியூ ஹேவன் ஊர்ல டாக்சி டிரைவர்கள வச்சு செஞ்ச ஒரு ஆய்வு 2005ல வெளியாச்சு, கறுப்பின டிரைவருக்கு வெள்ளை டிரைவரவிட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கம்மியா டிப் வந்திருக்கு, அதே வேலை அதே ஊர். முகம், பேர், பேச்சு, இதெல்லாம் ஆப்ல தெரியுற வேலைல இது நடக்காதுன்னு எப்படி நம்புறது? அப்புறம் டிப் தூண்டில்னு ஒண்ணு இருக்கு. கஸ்டமர் ஆர்டர் போடும்போதே பெரிய டிப் காட்டுவாரு, அதப் பாத்து ரைடர் அடிச்சுப் பிடிச்சு ஆர்டர எடுப்பாரு, சாமான் கைக்கு வந்ததும் கஸ்டமர் டிப்ப பூஜ்யமா மாத்திடுவாரு. 2020 கொரோனா நேரத்துல இன்ஸ்டாகார்ட்ல இது பெரிய பிரச்சனையாச்சு, டிப்ப மாத்த 3 நாள் அவகாசம் இருந்தத 24 மணி நேரமாக் குறைச்சாங்க. நோய்க்குப் பயந்து நாம வீட்டுக்குள்ள இருந்தப்ப வெளிய போனவங்ககிட்ட இத செய்ய எப்படி மனசு வந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியல.

சரி, கூலி எவ்வளவு இருக்கணும்? இதுல நியூயார்க் நகரம் செஞ்சதத்தான் நான் நிறைய நேரம் உக்காந்து படிச்சேன், ஏன்னா அவங்க மட்டும்தான் மொதல்ல கணக்க ஒழுங்காப் போட்டாங்க. நகரத்தோட நுகர்வோர் தொழிலாளர் துறை கம்பெனிங்ககிட்டேருந்தே டேட்டாவ வாங்கி 2022ல ஒரு அறிக்கை விட்டுச்சு. டிப்போட சேத்து ரைடருக்கு மணிக்கு 14.18 டாலர், டிப்ப எடுத்துட்டா 7.09. அதாவது சரிபாதி டிப். வண்டி, போன்னு அவர் கைக்காசுல செலவாகுறது மணிக்கு 3.06, அதையும் கழிச்சா, டிப் இல்லாம மிஞ்சுறது மணிக்கு 4.03 டாலர். அந்த ஊர்ல அப்ப மத்த வேலைக்கெல்லாம் குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். இந்தக் கணக்கு மேசை மேல வந்த பிறகு யாரும் "நல்லாத்தானே சம்பாதிக்கிறாங்க"ன்னு சொல்ல முடியல. கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போய் தள்ளிப் போட்டாங்க, கடைசியா 2023 டிசம்பர்ல மணிக்கு 17.96 டாலர்னு ஆரம்பிச்சு, 2025 ஏப்ரல்ல 21.44 ஆச்சு. ரெண்டு விஷயம் இதுல முக்கியம். இந்தத் தொகை டிப் சேக்காம. அப்புறம், ஆர்டர்ல ஓடுற நேரம் மட்டும் இல்ல, லாகின் பண்ணிட்டு ஆர்டருக்காகக் காத்திருக்குற நேரமும் இதுக்குள்ள வருது.

இந்தக் காத்திருப்பு நேரம்தான் எல்லா சண்டைக்கும் நடு மையம். கலிஃபோர்னியாவுல 2020ல கம்பெனிங்க 20 கோடி டாலருக்கு மேல செலவழிச்சு, தங்களுக்கு ஏத்த ஒரு சட்டத்த மக்கள் வாக்கெடுப்புல ஜெயிக்க வச்சாங்க, அதுல குறைஞ்சபட்சக் கூலில 120 சதவீதம் உத்தரவாதம்னு இருக்கு, டிப்ப அதுல சேக்கக் கூடாதுன்னும் இருக்கு, கேக்க ஆகா ஓகோன்னு இருக்கும், ஆனா ஆர்டர் கைல இருக்குற நேரத்துக்கு மட்டும்தான். ரோட்டோரம் நின்னு போனையே பாத்துட்டு இருக்குற நேரம் பூஜ்யம். அந்த நேரம் கம்பெனிக்கு இலவசமாக் கிடைச்சா, ஒரு ஏரியாவுல எத்தனை ரைடர வேணா லாகின் பண்ண விட்டு நிறுத்தி வைக்கலாம், கஸ்டமருக்கு சீக்கிரம் சாப்பாடு வரும், கம்பெனிக்கு நஷ்டம் இல்ல, நிக்கிறவரு மட்டும் நின்னுட்டு இருப்பாரு. காத்திருப்புக்கும் காசுன்னு ஆனா மட்டும்தான் எத்தனை பேர் தேவைன்னு கம்பெனி யோசிக்க ஆரம்பிக்கும்.

யோசிச்சாங்க, ஆனா அதுக்கும் ஒரு விலை இருந்துச்சு, அத மறைக்கக் கூடாது. நியூயார்க்ல விதி வந்ததும் ரைடருங்க நெனச்ச நேரத்துக்கு லாகின் பண்ண முடியாம ஸ்லாட் கட்டுப்பாடு வந்துச்சு. அதவிட என்னை ரொம்ப உறுத்துனது, ஊபர் ஈட்ஸும் டோர்டாஷும் டிப் கேக்குற பட்டனையே எடத்த மாத்துனது. முன்னாடி காசு கட்டுற ஸ்கிரீன்லயே கேக்கும், மாத்துன பிறகு ஆர்டர் போட்டு முடிச்சதுக்கப்புறம்தான் கேக்கும், அதுக்குள்ள பாதி பேர் ஆப்ப மூடிட்டு வேற வேலைக்குப் போயிடுவோம். ஒரு பட்டன் எந்த ஸ்கிரீன்ல இருக்குங்கிறது ஒருத்தரோட மாச வருமானத்த இறக்குது. 2025ல நகர சபை இதுக்கும் தனிச் சட்டம் போட்டு, காசு கட்டுறதுக்கு முன்னாடியோ கட்டும்போதோ டிப் போட எடம் குடுக்கணும்னு சொல்ல வேண்டி வந்துச்சு. சியாட்டில்ல 2024 ஜனவரில நிமிஷத்துக்கும் மைலுக்கும் இவ்வளவுன்னு கூலி வந்ததும், கம்பெனிங்க ஒவ்வொரு ஆர்டர் மேலயும் 5 டாலர் அளவுக்கு ஒரு கட்டணத்த ஏத்தி, நகரச் சட்டத்தாலதான்னு பில்லுலயே போட்டாங்க, ஆர்டர் குறைஞ்சுது, காத்திருப்பு கூடுச்சு. சியாட்டில் விதில காத்திருப்பு நேரத்துக்குக் காசு கிடையாது, அதனால அந்த அடி நேரா ரைடர் மேல விழுந்துச்சு. கூலிச் சட்டமே தப்புன்னு இத வச்சு சிலர் பேசுறாங்க, நான் அப்படிப் பாக்கல. ஓட்டை எங்க இருக்கோ அங்கதான் தண்ணி ஒழுகும், நேரத்த பாதி மட்டும் அளந்தா மீதிப் பாதில போய் கழிச்சுக்குவாங்க.

"பார்ட்னர்"ங்கிற வார்த்தைய உடைக்கிற வேலையும் ஒரு பக்கம் நடக்குது. ஸ்பெயின் 2021 ஆகஸ்ட்லேருந்து டெலிவரி ரைடர ஊழியராத்தான் எடுத்துக்கணும், இல்லன்னா கம்பெனி நிரூபிக்கட்டும்னு சட்டம் வச்சிருக்கு, குளோவோ கம்பெனி பல வருஷம் முரண்டு பிடிச்சு 2024 டிசம்பர்லதான் ஊழியரா எடுத்துக்குறோம்னு அறிவிச்சுது. பிரிட்டன்ல 2021ல உச்ச நீதிமன்றம் ஊபர் டிரைவர்கள சுயதொழில் செய்றவங்க இல்ல, "தொழிலாளர்"னு சொல்லிச்சு, ஆப் ஆன்ல இருக்குற காத்திருப்பு நேரமும் வேலை நேரம்தான்னு சொல்லிச்சு. அதே நீதிமன்றம் 2023ல டெலிவரூங்கிற சாப்பாடு டெலிவரி கம்பெனியோட ரைடர் வழக்குல, தனக்குப் பதிலா இன்னொருத்தர அனுப்ப ரைடருக்கு உரிமை இருக்குன்னு ஒப்பந்தத்துல இருக்குறத முக்கியமா வச்சு ரைடருங்களுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. ஒரு வரி எப்படி எழுதியிருக்குங்கிறதுல ஆயிரக்கணக்கான பேரோட உரிமை தொங்குது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல ஒரு டைரக்டிவ் (உறுப்பு நாடுங்களுக்கான பொது வழிகாட்டுச் சட்டம்) கொண்டு வந்திருக்கு, கம்பெனி கட்டுப்பாடு இருந்தா ஊழியர்னே அனுமானிக்கணும், அல்காரிதம் மட்டும் முடிவு பண்ணி ஐடிய பிளாக் பண்ணக் கூடாதுன்னெல்லாம் இருக்கு, உறுப்பு நாடுங்க 2026 டிசம்பர் 2க்குள்ள அவங்கவங்க சட்டத்துல சேக்கணும்.

ஆசியாவுல போக்கு வேற. சிங்கப்பூர்ல 2025 ஜனவரி 1லேருந்து ஆப் வழியா வேலை செய்றவங்க ஊழியரும் இல்லாம சுயதொழிலும் இல்லாம நடுவுல தனி வகை, வேலைல அடிபட்டா இழப்பீடு, சேமநிதி, சங்கம் அமைக்க உரிமை எல்லாம் உண்டு. இந்தியாவுல 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்துச்சு, கம்பெனிங்க வருஷ வரவுல 1 முதல் 2 சதவீதம், ஆப் வழியா வேலை செய்றவங்களுக்கான ஒரு நிதிக்குக் கட்டணும். நல்லதுதான், விபத்துக்கும் வயசான காலத்துக்கும் ஒரு பிடிமானம். ஆனா கவனமாப் படிங்க, இது நலநிதி, கூலி இல்ல. மணிக்கு இவ்வளவுக்குக் கம்மியாக் குடுக்கக் கூடாதுன்னோ டிப்ப தனியாக் காட்டணும்னோ அதுல எதுவும் வர்றதில்ல. ஜெனிவாவுல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2025 ஜூன் மாநாட்டுல பிளாட்ஃபார்ம் வேலைக்குன்னு, அதாவது ஆப் வழியா நடக்குற வேலைக்குன்னு, ஒரு கன்வென்ஷன் (நாடுங்க ஏத்துக்குற சர்வதேச ஒப்பந்தம்) கொண்டு வரணும்னு முடிவு பண்ணுச்சு, அதுல கூலி பத்தின பகுதி எவ்வளவு உறுதியா நிக்கும்ங்கிறதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

என்னைக் கேட்டா, டிப் உரிமைன்னு ஒரு சட்டம் எழுதுறவங்க ரசீதுலேருந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ரைடர் ஸ்கிரீன்ல கம்பெனி குடுத்தது ஒரு வரி, கஸ்டமர் குடுத்தது இன்னொரு வரி, காத்திருப்பு எத்தனை நிமிஷம்னு ஒரு வரி. கஸ்டமருக்கும் அதே மாதிரி, நீங்க கட்டுன டெலிவரி கட்டணம் டிப் இல்ல, அதுல ரைடருக்குப் போனது இவ்வளவுன்னு தெரியணும், ஏன்னா நிறைய பேர் அந்தக் கட்டணமே அவருக்குத்தான் போகுதுன்னு நம்பிட்டு டிப் போடாம விடுறோம். ரெண்டு ஆர்டர ஒண்ணா சேத்து அனுப்பும்போது ஒருத்தர் டிப்ப வச்சு இன்னொரு ஆர்டரோட குறைஞ்ச கூலிய மூடி மறைக்காம இருக்கவும் இதுதான் வழி. டிப்ப குறைக்கணும்னா காரணம் சொல்லணும், ரைடர் பதில் சொல்ல எடம் வேணும். கார்டுல டிப் போட்டா அதுக்குப் பிடிக்கிற பேங்க் கட்டணத்த ரைடர் தலைல கட்டக் கூடாது.

விலை ஏறுமேன்னா, ஏறும். இப்ப அந்த வித்தியாசத்த ரைடர்தான் தன் பெட்ரோல்லயும் தன் முதுகுவலிலயும் கட்டிட்டு இருக்காரு, நமக்கு பில்லுல வரலைங்கிறதால அது இல்லாம போயிடல.

அந்த மழை ராத்திரிக்கு அப்புறம் நான் வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேக்குறேன், "டிப் உங்களுக்குத் தனி வரியாக் காட்டுதா?" காட்டுதுன்னு சொன்னா ஆப்லயே போடுறேன். ஒரே தொகையா வருதுன்னு சொன்னா, ஆப்ல பூஜ்யம் வச்சுட்டு கையில குடுத்துடுறேன்.